சார், எரர் வருது!

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணினி வந்துவிட்டது. தமிழில் பாடமும் வந்துவிட்டது. முதல் பிழை வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் எங்கே? ஊருக்கு ஊர் இருக்கும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களைத் தேடிப்போக வேண்டிய நேரம் இது.

முதல் வரியிலேயே பிழை வரும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி ஆய்வகத்தில் முதன்முதலாகப் பைத்தான் நிரல்மொழியின் திரைக்கு முன் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பெயரைத் திரையில் காட்டச் சொல்லி ஒரே ஒரு வரி எழுத வேண்டும். ஆங்கில வாக்கியத்தைப் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதை மறக்காதவன் அவன். ‘பிரிண்ட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகவே அடிக்கிறான். என்டரைத் தட்டுகிறான். திரையில் நாலு வரி ஆங்கிலம், சிவப்பு நிறத்தில்.

சட்டென்று இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுகிறான். மெஷினைக் கெடுத்துவிட்டோமோ என்று பயம். பக்கத்து நாற்காலிக்காரன் பார்த்துவிட்டானோ என்று வெட்கம். பிறகு மெல்லிய குரலில், “சார், எரர் வருது.”

இந்த இடத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. யாரும் வராவிட்டால் பையன் ஜன்னலை மூடிவிட்டு, “இது நமக்கு வராது” என்ற முடிவோடு எழுந்து போவான். யாராவது வந்து, “கெட்டெல்லாம் போகலப்பா. கடைசி வரியை மட்டும் எழுத்துக்கூட்டிப் படி. அது என்ன கேக்குது?” என்று நிதானமாகக் கேட்டால் அவன் திரும்பத் திரையைப் பார்ப்பான். 2021-ல் வந்த பைத்தான் 3.10 பதிப்பு முதல், சிறிய எழுத்து ‘பிரிண்ட்’டைத்தான் சொல்ல வந்தாயா என்று அந்தக் கடைசி வரியே கேட்கிறது. ஒரு எழுத்தை மாற்றினால் அவன் பெயர் திரையில் வந்துவிடும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆங்கில வரியைப் படித்துக்காட்ட ஒரு மனிதர் வேண்டும். கணினிக் கல்வி என்று நாம் பேசுவதில் மிகப் பெரிய பகுதி இந்தச் சில நொடிகளுக்குள் அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசி இடத்திலிருந்து

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் எழுத்தறிவில் கடைசி இடம் தருமபுரிக்கு. அன்று எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து வீடுகளில் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்கோ, அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலைக்கோ போயிருப்பார். மழையை நம்பிய நிலம் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை.

தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இந்தியாவின் மென்பொருள் தலைநகருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் தமிழக மாவட்டங்கள் மிகச் சில. அந்த நகரத்தின் அலுவலகக் கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தவர்களில் இந்த மாவட்டத்துக்காரர்கள் நிறைய உண்டு. அந்தக் கட்டடங்களுக்குள் நடக்கும் வேலை என்ன என்பதை அவர்களின் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதில் ஒருமுறையாவது காட்டியிருக்கிறோமா?

■ பெட்டிச் செய்தி: தருமபுரி மாவட்டம்
சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நாள்: 1965 அக்டோபர் 2.
கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த நாள்: 2004 பிப்ரவரி 9.
மக்கள்தொகை (2011): சுமார் 15 லட்சம். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமங்களில் வசிப்பவர்கள்.
எழுத்தறிவு (2011): 68.5 சதவீதம். மாநிலச் சராசரி 80.1.
அரசுப் பொறியியல் கல்லூரி: செட்டிக்கரையில், 2013 முதல்.

பத்தாம் வகுப்புவரை என்ன கிடைக்கிறது?

மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் தனிப் பாடமாக வருவது 11-ஆம் வகுப்பில்தான். அதுவும் அந்தக் குரூப்பை எடுத்தவர்களுக்கு மட்டும். அதற்கு முன்னால் அறிவியல் புத்தகத்தின் கடைசியில் சில பக்கங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலின் கடைசி அலகின் பெயர் ‘காட்சித் தொடர்பு’. கோப்பு, கோப்புறை இவற்றோடு ஸ்கிராட்ச் பற்றியும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் குழந்தைகளுக்காக வெளியிட்ட நிரல்மொழி அது. வண்ணக் கட்டைகளை இழுத்து ஒட்டினால் பூனை நடக்கும், பேசும். ஆனால் இந்த அலகுக்கு வந்துசேரும்போது வருடம் முடியும் தறுவாயில் இருக்கும், திருப்புதல் தேர்வு தொடங்கியிருக்கும். பூனையை நடக்கவிடாமலேயே ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிவிட்டு வெளியே வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

11-ஆம் வகுப்பில் சி ப்ளஸ் ப்ளஸ். 12-ல் பைத்தான். 2018-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் தரமானது, உழைத்து எழுதப்பட்டது. வரிசையைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். கடினமான மொழி முதலில் வருகிறது, எளிய மொழி பிறகு. 12-ஆம் வகுப்புப் புத்தகத்திலும் பைத்தானைத் தொடுவது ஐந்தாவது பாடத்தில்தான். அதற்கு முன் செயற்கூறு, தரவு அருவமாக்கம் என்று நான்கு பாடங்கள் கோட்பாடு. முன்பின் ஒரு வரி நிரல் எழுதிப் பழகாத பிள்ளை இவற்றை என்ன செய்யும்? மனப்பாடம் செய்யும். 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. செய்முறைக்கு வரும் நிரல்கள் எவை என்பது முன்பே தெரியும். கமா, புள்ளி பிசகாமல் ஒப்பிக்கலாம்.

ஆக, பிள்ளை தொட்டுப் பார்க்க வேண்டிய வயது ஒன்பதும் பத்தும். அந்த இரண்டு வருடமும் காலியாகக் கிடக்கின்றன. கணினி ஆசிரியர் பணியிடம் மேல்நிலைப் பள்ளிகளுக்குத்தான். பத்தாம் வகுப்போடு முடியும் உயர்நிலைப்பள்ளியில் அந்தப் பதவியே கிடையாது.

அரசு சும்மா இருக்கவில்லை. மாநிலம் முழுவதும் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. ‘டிஎன் ஸ்பார்க்’ என்ற பெயரில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குச் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ், இணையக் கருவிகள் ஆகியவற்றைச் சொல்லித்தரும் திட்டம் 2025-ல் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் இதையும் நடத்தப்போவது ஏற்கெனவே கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டு, தேர்வுப் பணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அதே ஆசிரியர்தான். இணையவழித் தேர்வு நாட்களில் ஆய்வகம் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கும்.

ஏன் ஓய்வு பெற்றவர்?

தமிழ்நாட்டில் அரசு ஆசிரியரின் ஓய்வு வயது இப்போது 60. ஒவ்வொரு வருடமும் முப்பது வருட வகுப்பறை அனுபவத்தோடு ஒரு கூட்டம் வெளியே வருகிறது. பேரக்குழந்தை, காலை நடை, கோயில், கொஞ்சம் விவசாயம் என்று நாள் போகும். மனம் மட்டும் முதல் மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்விட்டு வரும்.

இவர்களிடம் இருப்பது நேரம் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. கிராமத்தில் “சார் வீட்டுக்குப் போறேன்” என்று பிள்ளை சொன்னால் மறுகேள்வி கிடையாது. இந்த நம்பிக்கையை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதோடு ஒரு தொழில்ரகசியமும் இவர்களிடம் உண்டு. ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்ததும் எந்தப் படியில் சறுக்கினான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நிரல் கற்றுத்தருவதில் பாதி வேலை அதுதான்.

“எனக்கே கம்ப்யூட்டர் தெரியாதே” என்பார்கள். இங்கே ஒரு உண்மைக் கதை சொல்ல வேண்டும். 1999 ஜனவரியில் ஆலன் டவுனி என்ற அமெரிக்கப் பேராசிரியர், இருக்கிற பாடநூல்கள் தடிமனாக, பிடிக்காமல் இருக்கின்றன என்று நாளுக்கு ஒரு அத்தியாயம் வீதம் பதின்மூன்று நாளில் ஜாவா மொழிக்கு ஒரு சிறிய புத்தகம் எழுதினார். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று உரிமத்தையும் திறந்துவைத்தார். வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் நகரின் யார்க்டவுன் உயர்நிலைப்பள்ளியில் ஜெஃப் எல்க்னர் என்றொரு ஆசிரியர். அவருடைய பள்ளியில் பாஸ்கல் மொழியிலிருந்து சி ப்ளஸ் ப்ளஸுக்கு மாறியதும் தொடக்க மாணவர்கள் தடுமாறினார்கள். நல்ல மாற்று தேடியவர், அந்தப் புத்தகத்தை எடுத்துப் பைத்தானுக்கு மாற்றி எழுதினார். பைத்தான் முழுக்கத் தெரிந்துகொண்டு எழுதவில்லை, கற்றுக்கொண்டே எழுதினார். பிரதியை டவுனிக்கு அனுப்பினார். தன் புத்தகத்தைத் தானே படித்துப் பைத்தான் கற்றுக்கொண்ட விநோத அனுபவத்தை டவுனி பிறகு பதிவு செய்திருக்கிறார்.

முன்னுரையில் எல்க்னர் ஒரு கணக்கும் சொல்கிறார். ‘வணக்கம் உலகே’ என்று திரையில் காட்டும் முதல் நிரலை விளக்க டவுனி புத்தகத்தின் சி ப்ளஸ் ப்ளஸ் பதிப்பில் பதின்மூன்று பத்தி தேவைப்பட்டது. பைத்தான் பதிப்பில் இரண்டே பத்தி. நம் 11-ஆம் வகுப்பு வரிசையைப் பற்றி நான் கவலைப்படுவதற்கும் காரணம் இதுதான்.

கணக்கு ஆசிரியர்கள் இந்தத் துறைக்கு அந்நியர்களும் அல்ல. தொடக்க மாணவர்களுக்கென்றே பிறந்த பேசிக் மொழியை உருவாக்கிய ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் டார்ட்மவுத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்கள். 1964 மே 1 அதிகாலையில் அதன் முதல் நிரல் ஓடியது. இங்கேயும் வழிகாட்டியவர் ஓர் ஆசிரியர்தான். ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் 1965-ல் ஐஐடி கான்பூரில் கணினி அறிவியல் படிப்பைத் தொடங்கிவைத்தவர். மாணவர்கள் வாங்கும் விலைக்கே புத்தகம் வர வேண்டும் என்று பதிப்பாளரிடம் வலியுறுத்தியவர். பல தலைமுறை இந்தியப் பொறியாளர்கள் முதல் நிரலை அவர் புத்தகம் பார்த்துத்தான் எழுதினார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். முப்பது வருடப் பழக்கம் எளிதில் போகாது. கரும்பலகையில் நிரலை எழுதிப்போட்டு, “எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்ன அன்றே பாடம் செத்துவிடும். இந்த வகுப்பில் ஆசிரியரின் கை விசைப்பலகைக்குப் போகக்கூடாது. பிள்ளைதான் அடிக்க வேண்டும், பிள்ளைதான் தப்பு செய்ய வேண்டும், பிள்ளைதான் படித்துத் திருத்த வேண்டும்.

பால் கணக்கில் 53 லிட்டர்

என்ன சொல்லித்தருவது? புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள். பால் சொசைட்டி இருக்கிறது. பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட் இருக்கிறது. தருமபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. மாங்காய், புளி, ராகி என்று எதைத் தொட்டாலும் எடை உண்டு, விலை உண்டு, ஏற்றத்தாழ்வு உண்டு.

முதல் நாள் பெயரைக் காட்டச் சொல்லலாம். இரண்டாம் நாள் பால் கணக்கு. காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை லிட்டர் என்று கணினி கேட்க வேண்டும், கூட்டிச் சொல்ல வேண்டும். பிள்ளை 5 என்று கொடுக்கும், 3 என்று கொடுக்கும். கணினி 53 என்று விடை சொல்லும். ஒரு மாடு ஒரே நாளில் 53 லிட்டர் கறந்ததா? வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்க வேண்டிய கேள்வி: ஏன்? விசைப்பலகையில் அடித்ததைப் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது, எண்ணாக இல்லை. எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைக்கும். எண்ணாக மாற்று என்று நாம் சொன்னால்தான் 8 வரும். தரவு வகை என்ற பாடத்தை ஒரு பக்கக் கோட்பாடாகப் படித்தவன் மறந்துவிடுவான். 53 லிட்டரைப் பார்த்து ஏன் என்று கேட்டவன் மறக்கமாட்டான்.

மூன்றாம் நாள் நிபந்தனை. தக்காளி விலை இவ்வளவுக்குக் கீழே போனால் பறிகூலிக்குக் கட்டாது, மேலே போனால் பறிக்கலாம். இந்த முடிவை வீட்டில் அப்பா எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இவர்கள். நான்காம் நாள் மடக்கு. ஏழாம் வாய்ப்பாட்டைக் கணினியை எழுதவைக்க வேண்டும். எண்ணை ஒன்று கூட்டும் வரியை யாராவது ஒருவர் கட்டாயம் மறப்பார். திரை முழுக்க ஏழு ஏழு ஏழு என்று நிற்காமல் ஓடும். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தச் சொல்லித்தர அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. ஐந்தாம் நாள் பட்டியல். ஒரு வாரத்துப் பட்டுக்கூடு விலைகளைப் போட்டு, அதிகம் எது, குறைவு எது, சராசரி என்ன என்று கண்டுபிடிக்கலாம்.

இந்த ஐந்தும் நன்றாகப் புரிந்துவிட்டால், அதற்குமேல் பிள்ளையின் ஆர்வம் எங்கே இழுக்கிறதோ அங்கே போகலாம். அவசரம் வேண்டாம். ஒரு நாள் பாடம் ஒரு வாரம் இழுத்தாலும் நஷ்டமில்லை.

■ பெட்டிச் செய்தி: தமிழிலேயே ஒரு நிரல்
திருச்சியில் பொறியியல் படித்த முத்து அண்ணாமலை உருவாக்கி 2013-ல் வெளியிட்ட ‘எழில்’ மொழியில் கட்டளைகள் எல்லாம் தமிழ்ச் சொற்கள். ஏழாம் வாய்ப்பாட்டின் முதல் ஐந்து வரி:

எண் = 1
@( எண் <= 5 ) வரை
    பதிப்பி எண் * 7
    எண் = எண் + 1
முடி

அடித்துப் பழக ஆங்கிலம் தடையாக இருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல முதல் படி. மடக்கும் நிபந்தனையும் இங்கே மனதில் பதிந்துவிட்டால் பைத்தானுக்கு மாறும்போது சொற்கள் மட்டும்தான் புதிது. முத்து அண்ணாமலையும் எழுத்தாளர் என். சொக்கனும் சேர்ந்து ‘தமிழில் நிரல் எழுது’ என்று புத்தகமும் எழுதியிருக்கிறார்கள்.

மின்சாரம் இல்லாத நாளிலும்

மலையூர்ப் பள்ளியில் நெட் கிடைக்காமல் போகலாம். பத்து கணினிகளில் நாலு பழுதாகியிருக்கலாம். அன்றும் வகுப்பு நடக்கும். நியூசிலாந்தின் கேண்டர்பரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டிம் பெல்லும் நண்பர்களும் 1990-களில் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்ப்ளக்டு’ என்ற பாடத்தொகுப்பைத் தொடங்கினார்கள். கணினியே இல்லாமல் கணினி அறிவியல்.

அதில் ஒரு விளையாட்டை எந்தப் பள்ளி மைதானத்திலும் நடத்தலாம். தரையில் சுண்ணாம்பால் கோடுகளும் வட்டங்களும் போட வேண்டும். ஆறு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு எண் அட்டையோடு ஒரு முனையிலிருந்து நடப்பார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு பேர் சந்திப்பார்கள். சிறிய எண் வைத்திருப்பவர் இடப்பக்கக் கோட்டில் போக வேண்டும், பெரிய எண் வலப்பக்கம். யாரும் யாருக்கும் வழி சொல்லத் தேவையில்லை. மறுமுனைக்கு வரும்போது ஆறு பேரும் எண் வரிசைப்படி நிற்பார்கள். எப்படி என்று யோசித்துக்கொண்டே பிள்ளைகள் திரும்ப முதல் முனைக்கு ஓடுவார்கள். வரிசைப்படுத்தும் வழிமுறை, ஒரே நேரத்தில் பல ஒப்பீடுகள் நடத்துவது ஆகிய இரண்டும் காலாலேயே புரிந்துவிடும்.

இன்னொன்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து 1974-ல் கோலங்களின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். உலகின் கோட்பாட்டுக் கணினி அறிவியலில் கோலத்துக்கு அன்று கிடைத்த இடம் இன்றும் இருக்கிறது. பைத்தானோடு வரும் ‘டர்ட்டில்’ வசதியில் ஒரு ஆமையைத் திரையில் நடக்கவிட்டுக் கோடு போடலாம். சிக்குக்கோலத்தின் ஒரு மூலையை வரைய என்ன கட்டளை, அதையே நாலு முறை திருப்பினால் என்ன வரும் என்று வகுப்பிலேயே முதலில் சொல்லப்போவது தினமும் வாசலில் கோலம் போடும் பெண்பிள்ளையாகத்தான் இருக்கும்.

■ பெட்டிச் செய்தி: காசில்லாமல் கிடைப்பவை
கணியம்: த. சீனிவாசன் முயற்சியில் 2012 ஜனவரியில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இதழ். ‘எளிய தமிழில்’ என்று தொடங்கும் தலைப்புகளில் நித்யா துரைசாமி உள்ளிட்டோரின் நூல்கள் இலவச மின்னூல்களாகக் கிடைக்கின்றன.
ஸ்போக்கன் டுடோரியல்: ஐஐடி பம்பாயின் திட்டம். சுமார் பத்து நிமிடப் பாடங்கள். பல பாடங்களுக்குத் தமிழ்க் குரல் உண்டு. ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் பார்க்கலாம்.
தானி: எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான, தொடக்க மாணவர்களுக்கான பைத்தான் மென்பொருள். நிரல் ஒவ்வொரு படியாக ஓடும்போது உள்ளே என்ன மாறுகிறது என்பதைக் காட்டும்.
வீட்டு அலமாரி: 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய மடிக்கணினி. பேட்டரி போயிருக்கலாம். சார்ஜரில் ஓடினாலே பைத்தானுக்குப் போதும்.

பெண்பிள்ளைகள் வராவிட்டால் பாதி வகுப்பு

பள்ளி விட்ட பிறகு வகுப்பு என்று அறிவித்தால் யார் வருவார்கள்? பெரும்பாலும் பையன்கள். பெண்பிள்ளைகளுக்குக் கடைசி பஸ், தம்பி தங்கை, வீட்டு வேலை. குழந்தைத் திருமணங்கள் அடிக்கடி செய்தியாகும் மாவட்டம் இது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பு தொடருமா என்ற கேள்வி இங்கே பல வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் வருகிறது.

ஆகவே நேரத்தைத் தீர்மானிப்பதிலேயே எல்லாம் இருக்கிறது. மாலை ஐந்தரை மணி வகுப்பு பெண்பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடும். மதிய இடைவேளையின் அரை மணி அல்லது சனிக்கிழமை காலை அவர்களை உள்ளே கொண்டுவரும். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் முன்வந்தால் இன்னும் நல்லது. பெற்றோரிடம் பேச வேண்டிய நாளில், “உங்க பொண்ணு நல்லா யோசிக்கிறா, இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டும்மா” என்று டீச்சரம்மா சொல்லும் வார்த்தைக்கு ஊரில் எடை உண்டு. வகுப்பு நடக்கும் அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். இதை யார் மேலும் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. எல்லா இடத்திலும் இருக்க வேண்டிய நடைமுறை.

ஏஐ எழுதித் தருமே?

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி இது. சாட்ஜிபிடியிடம் கேட்டால் நிரல் வருகிறது. பிறகு எதற்குப் பிள்ளையைப் படுத்துவது?

ஏஐ தரும் நிரல் பெரும்பாலும் ஓடும். சில சமயம் நம்பிக்கையோடு தப்பாகவும் சொல்லும். பால் கணக்கில் 53 வந்தால் அது தப்பு என்று கண்டுகொள்ள ஏற்கெனவே ஒரு முறை 53-ஐப் பார்த்துத் திகைத்திருக்க வேண்டும். கேட்டு வாங்கிய நிரலில் ஒரு நிபந்தனையை மாற்றச் சொன்னால் எந்த வரியைத் தொடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். நிரலைப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஏஐ தருவது இன்னொரு மனப்பாடக் குறிப்பு. ஓய்வு பெற்ற ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இங்கே இருக்கிறது. பிள்ளை செல்போனிலிருந்து கொண்டுவந்த நிரலைத் திட்டாமல் வாங்கிப் பார்த்து, “சரி, மூணாவது வரி எதுக்கு? அதை எடுத்துட்டா என்ன ஆகும்? எடுத்துப் பாரு” என்று கேட்பது.

வேறொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கு நாட்களில் ஆறு வயதுக் குழந்தையும் கோடிங் கற்று கோடீஸ்வரனாகலாம் என்ற தொனியில் விளம்பரங்கள் வந்தன. வொய்ட்ஹேட் ஜூனியர் நிறுவனம் விளம்பரத் தரக் கவுன்சில் சொன்ன பிறகு ஐந்து விளம்பரங்களைத் திரும்பப் பெற்றது. கடன் வாங்கிப் பணம் கட்டிய குடும்பங்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. நிரல் எழுதத் தெரிந்தால் உடனே வேலை என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடக்கூடாது. கணக்கை வேறு கோணத்தில் பார்க்கலாம், ஒரு பிரச்சினையைத் துண்டுதுண்டாக உடைக்கக் கற்கலாம், கல்லூரிக்குப் போகும்போது மிரளாமல் போகலாம். இவ்வளவு சொன்னால் போதும், இவை எல்லாம் உண்மை.

கல்லூரியின் முதல் செமஸ்டரில்

அந்த மிரட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விளைவு அங்கேதான் தெரிகிறது.

2021-ல் வந்த சட்டத்தால் பொறியியல் படிப்பிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெரிய கல்லூரிகளின் கதவு அரூர்ப் பிள்ளைக்கும் திறந்துவிட்டது. உள்ளே போனதும் என்ன? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வைத்தார்கள். சிவிலோ மெக்கானிக்கலோ, எந்தப் பிரிவாக இருந்தாலும் உண்டு. பிளஸ் டூவில் உயிரியல் குரூப் எடுத்துவிட்டுப் போன பிள்ளைக்கு அதுதான் முதல் சந்திப்பு. பாடம் ஆங்கிலத்தில். பக்கத்து இருக்கையில் ஆறாம் வகுப்பிலிருந்தே கோடிங் வகுப்புக்குப் போன நகரத்துப் பிள்ளை. முதல் செமஸ்டரில் விழும் அரியர் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. தன்னைப் பற்றிய எண்ணத்தையும் உடைத்துவிடுகிறது. பதினான்கு வயதில் 53 லிட்டர் பாலைப் பார்த்துச் சிரித்த பிள்ளை அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்காது.

ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. அவர்களே நடத்தும் தகுதிப் படிநிலையைத் தாண்டினால் போதும். அதன் அடிப்படைப் படிநிலையிலும் பைத்தான்தான். வீட்டிலிருந்தே படிக்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் குரூப் எடுக்கும் நாளில் பிள்ளைக்கு யோசிக்க ஒரு கூடுதல் காரணம் கிடைத்திருக்கும்.

யாரிடம் கேட்பது?

வெளியாள் ஒருவர் பள்ளி ஆய்வகத்தில் நுழைவது சின்ன விஷயமில்லை. பொருட்களுக்குத் தலைமையாசிரியர் பொறுப்பு. ஒரு கணினி பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம், என்னென்ன நாள், யார் பொறுப்பு என்ற எழுத்து, வருகைப் பதிவேடு இவை வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் முன்னாள் மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் பள்ளியோடு சேர்க்கத்தான் வந்தது. அதற்குப் பணமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நேரமாகக் கொடுப்பவர்களையும் அதே மரியாதையோடு வரவேற்கும் ஏற்பாட்டை மாவட்டக் கல்வி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம். செட்டிக்கரை பொறியியல் கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, ஆசிரியருக்கு வரும் தொழில்நுட்பச் சந்தேகங்களைத் தீர்த்துவிட்டுப் போகலாம்.

காலம் தானாகவே அமைந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரலில் முடிகிறது. 11-ஆம் வகுப்பில் குரூப் எடுப்பது அதற்குப் பல வாரங்கள் கழித்து. அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குப் பாடமில்லை, ஆய்வகத்துக்கு வேலையில்லை. வாரத்துக்கு மூன்று காலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

இதைப் படிக்கிற ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, நீங்கள் கடைசியாகப் பணியாற்றிய பள்ளிக்கோ, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பாடம் நடத்தினீர்கள், எந்தெந்த நாட்களில் வர முடியும், எத்தனை பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள முடியும் என்று குறிப்பிடுங்கள். பத்துப் பேருக்கு மேல் முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் ஐந்து பேர் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும் என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் தானி மென்பொருளை நிறுவி, பால் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.